முகம் கழுவிவிட்டு உள்ளே வரவும்

விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், காப்பீட்டு அட்டை சரிபார்க்கும் அறையின் வாசலில் ஒரு வெள்ளை டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். அதில் நீல எழுத்தில் ‘முகம் கழுவிவிட்டு உள்ளே வரவும்’ என்று இருக்கும். சென்ற மாதம் முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்கப் போனபோது நானே பார்த்தேன். கையில் அட்டையோடு வந்த ஒரு பெரியவர் அந்த எழுத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்தார். குழாயடிக்குப் போய் முகம், கை, கால் எல்லாம் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டு, சந்நிதிக்குள் நுழைகிறவர் போல அடக்கமாக உள்ளே போனார். உட்கார்ந்திருந்த பெண் தலை நிமிராமல் அவரிடம் ரேஷன் கார்டு நகல் கேட்டாள்.

“இத எடுக்கவும் முடியல சிஸ்டர். உளிய வச்சா சுவரே பேந்து வருது. யாரோ சுத்தப் பைத்தியம் புடிச்ச டாக்டரு வச்சதுன்னு நாங்க பேசிக்கறோம்” என்றார்கள் அங்கிருந்த இளம் நர்சுகள்.

அந்த டாக்டரைக் கேலி செய்யும் உரிமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அவரோடு பல வருடம் குப்பை கொட்டியவள் நான் ஒருத்திதான். அதனால், அந்த டைல்ஸ் ஏன் வந்தது என்று எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் கேமரா அறையைப் பற்றி முழுதாகச் சொல்லியாக வேண்டும் என்று தெரிந்தது.

என் சொந்த ஊர் திட்டக்குடி. கடலூரில் நர்சிங் படித்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஊசி போடக் கற்றுக்கொண்டேன், திட்டு வாங்கக் கற்றுக்கொண்டேன், நின்றுகொண்டே தூங்கவும் கற்றுக்கொண்டேன். கல்யாணமாகி விருத்தாசலம் வந்தேன். என் வீட்டுக்காரருக்கு இங்கே ஒரு பீங்கான் பட்டறையில் சூளை பார்க்கும் வேலை. எனக்கு இந்த ஆஸ்பத்திரி. அவர் வெப்பத்தோடு மல்லுக்கட்டுவார், நான் காய்ச்சலோடு மல்லுக்கட்டுவேன். சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து, யாருக்கு அன்றைக்குச் சூடு அதிகம் என்று சண்டை போடுவோம்.

எங்கள் பெரிய டாக்டர் பெயர் ஞானசேகரன். உருவத்தில் சின்னவர், குரலில் பெரியவர். ஆனால் நோயாளி முன்னால் மட்டும் அந்தக் குரல் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும். எதைக் கேட்டாலும் “ம்” என்பார். சோறு சாப்பிடலாமா என்றாலும் “ம்”, சாவோமா பிழைப்போமா என்றாலும் “ம்”. அந்த “ம்”மை வெளியே நின்று நோயாளிக்கு விளக்கிச் சொல்வதுதான் என் வேலையில் பாதி. நீளமான “ம்” என்றால் பயப்பட ஒன்றுமில்லை. மூக்கு வழியாக வரும் குட்டை “ம்” என்றால் ரத்தப் பரிசோதனை. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு “ம்” என்றால் கடலூருக்கு ஆம்புலன்ஸ்.

இரண்டாயிரங்களின் நடுவில் எங்களுக்கு ஒரு யோகம் அடித்தது. மொட்டை மாடியில் பெரிய வெள்ளைச் சட்டி ஒன்றை வானத்தைப் பார்த்து நிறுத்தினார்கள். கீழே ஒரு அறைக்கு ஏசி போட்டு, கம்ப்யூட்டர், பெரிய டிவி, தலையைத் திருப்பும் கேமரா, வாலுக்குப் பதில் ஒயர் முளைத்த ஸ்டெதஸ்கோப்பு, ஈசிஜி மெஷின் எல்லாம் கொண்டுவந்து வைத்தார்கள். சாட்டிலைட் வழியாகச் சென்னையிலிருக்கும் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள் எங்கள் நோயாளியைப் பார்ப்பார்கள், எங்களுக்கு வகுப்பும் எடுப்பார்கள் என்றார்கள். இதை இயக்க ஒரு ஆள் வேண்டும். நான் கன்னிப் பெண்ணாக இருந்தபோது டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தேன். அந்த ஒரு தகுதிக்காக என்னைச் சென்னைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்துத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

பெரிய டாக்டர் அந்த அறையைக் கர்ப்பகிருகமாகவே ஆக்கிவிட்டார். செருப்பை வெளியே விட வேண்டும். கம்ப்யூட்டருக்கு ஆபரேஷன் தியேட்டர் பச்சைத் துணியில் உறை தைக்கச் சொன்னார். கேமராவின் ரிமோட் எப்போதும் அவருடைய கோட்டுப் பையில்தான் இருக்கும். எனக்கு வேண்டுமென்றால் வார்டு வார்டாக அவரைத் தேடிக்கொண்டு ஓட வேண்டும். வராந்தாவைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னலுக்குத் திரை போடலாம் என்றேன். கூடாது என்றுவிட்டார். இவ்வளவு பெரிய சாமான் வந்திருக்கிறது, ஜனங்கள் பார்க்க வேண்டாமா என்பது அவர் எண்ணம். ஜனங்கள் பார்த்தார்கள். வெளிநோயாளிச் சீட்டு வாங்காமலேயே பார்த்தார்கள்.

ஆயுத பூஜைக்கு எல்லா சாமானுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். கேமராவுக்கு நெற்றி எது என்று தெரியாமல் கண்ணிலேயே வைத்துவிட்டார் வார்டு ஆயா. மறுநாள் சென்னை டாக்டர் வரிசையாக வந்த எல்லா நோயாளிக்கும் இடது தோளில் ரத்தக்கசிவு இருப்பதாகக் கவலைப்பட்டார்.

சென்னையிலிருந்து வருகிறவர்களைப் பார்த்ததும் பெரிய டாக்டர் எழுந்து நின்றுவிடுவார். எழுந்து நின்றால் கேமராவில் அவருடைய பெல்ட்டு மட்டும்தான் தெரியும். பேச்சோ, வெள்ளாற்றின் அந்தக் கரையில் நிற்பவரைக் கூப்பிடுவது போல இருக்கும். “சாட்டிலைட் வரைக்கும் நீங்களே கத்திச் சேக்க வேணாம் சார், அது தானா போவும்” என்றேன் ஒருநாள். “ம்” என்றார். எந்த வகை என்று எனக்கே பிடிபடவில்லை.

நாம் பேசுவது மேலே போய் இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். கேள்வி வந்து, நாம் பதில் சொல்லி, அது போய்ச் சேர்வதற்குள் அவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பார்கள். இந்தத் தாமதத்தால் நேர்ந்த கூத்துகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். வாரம் ஒருமுறை நர்சுகளுக்கு வகுப்பு நடக்கும். மூச்சு நின்ற குழந்தைக்கு நெஞ்சை அழுத்தி உயிர் கொடுக்கும் முறையைக் கற்றுத்தரப் போவதாகவும், பழகுவதற்கு ஒரு பொம்மை தயாராக வைத்திருக்கும்படியும் சென்னையிலிருந்து சொன்னார்கள். அதற்கென்று ரப்பரில் செய்த பொம்மை விற்கிறதாம். பீங்கான் ஊரில் இருந்துகொண்டு பொம்மையைக் காசு கொடுத்து வெளியூரிலா வாங்குவது என்று பெரிய டாக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, பிறந்த குழந்தை அளவில் ஒன்று செய்யச் சொன்னார். அவரும் மனசார உழைத்து, கன்னத்தில் ரோஸ் நிறம் பூசி, பளபளவென்று சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். தூக்கிக் கொஞ்சத் தோன்றும், அப்படி ஒரு பிள்ளை.

வகுப்பு ஆரம்பித்தது. எங்களில் பலசாலியான ஸ்டெல்லா சிஸ்டர் முன்னால் போய், பொம்மையின் நெஞ்சில் இரண்டு விரலை வைத்து அழுத்தினாள். “பயப்படாதீங்க, இன்னும் நல்லா அழுத்துங்க” என்றார் பேராசிரியர். ஸ்டெல்லா அழுத்தினாள். படீரென்று பிள்ளை இரண்டாகப் பிளந்து, தலை உருண்டு பெரிய டாக்டரின் காலடியில் போய் நின்றது. எல்லோரும் குனிந்து அந்தத் தலையைப் பார்த்தோம். அப்போதுதான் சாட்டிலைட்டிலிருந்து இறங்கி வந்தது பேராசிரியரின் குரல்: “வெரி குட்! இப்பதான் சரியா பண்றீங்க!”

அடுத்த வாரமே ரப்பர் பொம்மை வாங்கினோம். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிப் பக்கம் கொஞ்ச நாள் தலை காட்டவில்லை.

இனி, நோயாளியைக் கேமரா முன்னால் உட்கார வைக்கும் முறையைச் சொல்ல வேண்டும். தரையில் போட்ட பெருக்கல் குறிமேல் ஸ்டூல். பின்னால் நீலத் துணி. காற்றாடியை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டெதஸ்கோப்பில் இதயத்துக்குப் பதில் காற்றாடிதான் கேட்கும். நோயாளி உட்காருவதற்கு முன்பு கேமராவுக்கு ஒரு வெள்ளைப் பொருளைக் காட்டி, வெள்ளை என்றால் இதுதான் என்று அதற்கு ஞாபகப்படுத்த வேண்டும். அப்போதுதான் மற்ற நிறங்களைச் சரியாகக் காட்டும். மற்ற ஊர்களில் காகிதம் காட்டுவார்களாம். நாங்கள் ஒரு பீங்கான் தட்டு காட்டுவோம். நிறம் விஷயத்தில் உங்கள் ஊர் கேமராதான் சுத்தம் என்று சென்னையில் எங்களுக்கு நல்ல பெயர்.

கேமரா சரியாகத்தான் இருந்தது. அதன் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள்தான் சரியாக இல்லை. ‘டிவியில பாக்குறாங்க’ என்று ஊரில் பரவிவிட்டதா, வருகிற ஒவ்வொருவரும் கல்யாண வீட்டுக்குக் கிளம்புவது போலக் கிளம்பி வந்தார்கள். பட்டுப் புடவை, புதுச் சட்டை, எண்ணெய் வழிய வாரிய தலை. எல்லாவற்றுக்கும் மேலே, முகத்தில் அப்பிய பவுடர். சேத்தியாத்தோப்பிலிருந்து கட்டிலோடு தூக்கிவந்த நோயாளி ஒருவர், அந்த வலியிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எந்தச் சேனல்ல சிஸ்டர் வரும்? வூட்டுல பாக்கச் சொல்லியிருக்கேன்” என்றார்.

அதைவிட வம்பு அவர்கள் சொல்லும் பதில். வராந்தாவில் ஐயோ அம்மா என்று கத்திக்கொண்டு கிடப்பார்கள். உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்து, சென்னை டாக்டர் திரையில் தோன்றி “எப்படி இருக்கீங்க?” என்றதும் முகம் மலர்ந்துவிடும். “நல்லா இருக்கேங்க. நீங்க நல்லா இருக்கீங்களா? சாப்டாச்சுங்களா?” அவ்வளவு தூரத்தில் இருந்து நம்மைப் பார்க்க வந்த பெரியவர்களிடம் எடுத்த எடுப்பில் குறை சொல்லுவது மரியாதை இல்லை என்பது எங்கள் ஜனங்களின் முடிவு. அந்த மரியாதையால் ஒரு பெண்ணின் உயிரே போக இருந்தது.

அவள் பெயர் செல்வி. இருபது வயதுகூட நிரம்பாத பெண். ஒரு பட்டறையில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் எழுதும் வேலை. அவளுக்குக் கம்மாபுரத்தில் மாப்பிள்ளை பார்த்து, நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். அவளும் அவள் அம்மா அஞ்சலையும் ஒருநாள் காலையில் எங்களிடம் வந்தார்கள். தனியாக அல்ல. மாப்பிள்ளையின் அம்மா ராஜாம்பாள், அவருடைய உறவுப் பெண்கள் என்று ஒரு வேன் நிறையக் கூட்டம். ராஜாம்பாள் நல்ல உயரம், அதிகம் பேசாத அம்மாள். பெண்ணைச் சென்னை டாக்டரிடம் டிவியில் காட்டிவிட வேண்டும் என்று சொன்னதே அவர்தானாம்.

“எதுக்காம்மா காட்டணும்?” என்று அஞ்சலையைக் கேட்டேன்.

“எல்லாம் சளிதான் சிஸ்டரம்மா. சம்மந்தியம்மா பரிச்ச வக்கிறாங்க. பொண்ணு நல்லா இருக்குதுன்னு டிவி டாக்டரம்மா ஒரு வார்த்த சொல்லிட்டா போதும், அவங்க மனசு குளுந்துடும்” என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்குத் திரையில் வந்தவர் இதய டாக்டர், ஒரு பெண்மணி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ‘டிவி டாக்டரம்மா’. மென்மையாகப் பேசுவார், அவசரப்படமாட்டார். செல்வி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். பவுடர் முகம், தலை நிறையக் கனகாம்பரம், வெற்றிலை போட்டுச் சிவந்த உதடு, பத்து விரல் நகத்திலும் கருஞ்சிவப்பாக மருதாணி. மற்ற நாளில் கன்னிப் பெண் வெற்றிலை போட்டால் அடிக்கிற அஞ்சலை, அன்றைக்கு மட்டும் தன் கையாலேயே மடித்துக் கொடுத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே ராஜாம்பாளும் அவர் படையும் கண்ணாடியில் மூக்கு பதிய நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வெளிநோயாளிகள், அவர்களுக்கும் பின்னால் டீ கொடுக்க வந்தவர்.

“எப்படி இருக்கீங்க செல்வி?”

“நல்லா இருக்கேங்க. நீங்க நல்லா இருக்கீங்களா?”

“மூச்சு வாங்குதா?”

“இல்லீங்க.”

“படுத்தா தூக்கம் வருதா?”

“வருதுங்க.”

நான் ஒயர் ஸ்டெதஸ்கோப்பை அவள் மார்பில் வைத்தேன். டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். கொஞ்சம் இடது பக்கம் என்றார், சாய்ந்து படுக்க வைக்கச் சொன்னார், மறுபடி கேட்டார். ஈசிஜியையும் பார்த்தார். ஒரு நர்சுக்கு டாக்டரின் முகம் பார்க்கத் தெரியும். அது திரையில் இருந்தாலும் அப்படித்தான்.

“சிஸ்டர், முகத்த பாத்தா ஒண்ணுமே தெரியல. உதடும் நல்லா சிவப்பாத்தான் இருக்கு. ஆனா நான் கேக்குற சத்தம் வேற சொல்லுது. அவங்கள கொஞ்ச நேரம் படி ஏறி இறங்கச் சொல்ல முடியுமா? அதுக்கப்புறம் பாக்கறேன்.”

மாடிப்படி வராந்தாவில்தான் இருந்தது. நான் செல்வியின் கையைப் பிடித்தேன். அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம் சிஸ்டரம்மா. உங்க கால்ல வுழுறேன். அவங்க எல்லாம் வெளிய நிக்கறாங்க. இவ நாலு படி ஏறுனா உதடு நாவப்பழம் தின்னாப்புல ஆயிடும். பாத்துட்டாங்கன்னா என் பொண்ண யாரு கட்டுவா?”

அப்படியென்றால் வெற்றிலையும் மருதாணியும் கேமராவுக்கு இல்லை, உதட்டிலும் நகத்திலும் ஊதா தெரியாமல் மறைக்க.  அந்தப் பெண் எல்லாக் கேள்விக்கும் நல்லா இருக்கேன் என்று சொன்னதற்குக் காரணமும் மரியாதை பாதி, இது பாதி.

மூலையில் நின்றிருந்த பெரிய டாக்டர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார். “ம்” வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை. ரிமோட்டைப் பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். அந்த ரிமோட்டை அவர் தானாக எனக்குக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. நேராக வராந்தாவுக்குப் போனார். அந்தப் பெரிய குரலை எடுத்துவிட்டார்.

“என்னாம்மா எல்லாரும் இங்க நின்னு ஜன்னல பாத்துக்குனு இருக்கீங்க? இதுல என்னா இருக்குது? நெஜமான மெஷினு மொட்ட மாடியில இருக்குது! பன்னெண்டு ஆளு சேந்து தூக்குன சட்டி! வானத்துல இருக்குற சாட்டிலைட்ட நேரா பாக்குது! வாங்க, வாங்க, நானே காட்டறேன்!”

ஒரு நோயாளியிடம்கூட ஒரு முழு வாக்கியம் பேசாத மனிதர், ஆட்டு மந்தையை ஓட்டுவது போல மொத்தக் கூட்டத்தையும் மாடிக்கு ஓட்டிக்கொண்டு போனார். வெளிநோயாளிகள் போனார்கள், டீக்காரரும் போனார். வராந்தா காலியாகிவிட்டது. நான் ஜன்னலில் கம்ப்யூட்டரின் பச்சை உறையைத் தொங்கவிட்டேன்.

நோயாளி படுக்கும் உயரக் கட்டிலில் ஏறுவதற்கு ஒரு படிப்பலகை இருக்கும். அதைக் கேமரா முன்னால் போட்டு, செல்வியை ஏறி இறங்கச் சொன்னேன். ஏறினாள், இறங்கினாள். கொஞ்ச நேரத்திலேயே தோள் குலுங்க ஆரம்பித்தது. நெற்றியில் வியர்த்து, பவுடர் கோடு கோடாக வழிந்தது. “போதும், போதும், நிறுத்துங்க” என்ற டாக்டரம்மாவின் குரல் வந்து சேர்வதற்குள் நானே அவளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டேன்.

“சிஸ்டர், அவங்க முகத்த கழுவி விடுங்க. வாயும் கொப்புளிக்கட்டும்.”

கை கழுவும் தொட்டியில் சோப்பு இருந்தது. நானே கழுவிவிட்டேன். துண்டால் துடைத்து, திரும்பக் கேமரா முன்னால் உட்கார வைத்து, ரிமோட்டால் முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தேன். பெரிய டிவியில் அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கே பொறுக்கவில்லை. வெற்றிலைச் சிவப்பு போனதும், உதடு ஊதா பூத்திருந்தது. கன்னமும் அப்படியே. பொம்மைக்கெல்லாம் ரோஸ் நிறம் எழுதுகிற பெண்ணுக்குச் சொந்த முகத்தில் அது ஒரு சொட்டு இல்லை.

“இப்ப சொல்லுங்க செல்வி. எப்படி இருக்கீங்க?” என்றார் டாக்டரம்மா.

செல்வி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். பச்சைத் துணி. பிறகு அவள் அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் திரையைப் பார்த்து, முதல்முறையாக நிஜம் பேசினாள்.

“படுத்தா மூச்சு முட்டுதுங்க. சுவத்துல சாஞ்சி உக்காந்துக்குனுதான் தூங்கறேன். தண்ணிக் கொடம் தூக்க முடியல. சின்னதுல முட்டியெல்லாம் வீங்கி ரொம்ப நாளு காச்சலு கெடந்தேன். அப்பறம் பெரியவளா ஆனதுலேருந்து இப்படித்தான்.” சொல்லிவிட்டு, “அம்மாவ திட்டாதீங்க” என்றாள்.

டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. பொறுமையாகச் சொன்னார். இதயத்துக்குள் இருக்கிற ஒரு கதவு அந்தப் பழைய காய்ச்சலில் ஒட்டிப்போய், முழுதாகத் திறக்காமல் இருக்கிறது. தொடை வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, அதன் நுனியில் இருக்கும் பலூனை ஊதி, அந்தக் கதவைத் திறந்துவிடலாம். நெஞ்சைக் கிழிக்க வேண்டியதில்லை. சென்னைக்கு வந்து ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் செய்யலாம்.

“கல்யாணத்த முடிச்சிட்டு அழச்சிட்டு வரட்டுங்களா?” என்றார் அஞ்சலை.

“அம்மா, இப்படியே கல்யாணம் பண்ணி, இவங்க உண்டானா, அந்த பாரத்த இந்த இதயம் தாங்காது. தாயும் போயிடலாம், புள்ளையும் போயிடலாம். முதல்ல கதவத் தொறப்போம். அப்புறம் கல்யாணம், புள்ள எல்லாம் நல்லபடியா நடக்கும்.”

அஞ்சலை தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் கூட்டம் இறங்கும் சத்தம். அஞ்சலை துள்ளி எழுந்தார். இடுப்பிலிருந்த சுருக்குப் பையை உதறி, குட்டிப் பவுடர் டப்பாவை எடுத்து, அழுதுகொண்டே மகளின் முகத்தில் அப்ப ஆரம்பித்தார். நான் தடுக்கவில்லை. தடுக்கக் கை வரவில்லை.

கதவைத் திறந்துகொண்டு ராஜாம்பாள் வந்து நின்றார். வாசலில் செருப்பைக் கழற்றியிருந்தார். பாதி வெள்ளையும் பாதி ஊதாவுமாக இருந்த அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எதுக்கு சம்மந்தி அதப் பூசறீங்க? நான்தான் போன மாசமே பாத்துட்டேனே” என்றார். “கோயில்ல பள்ளத்துல எறங்கி ஆழத்துப் புள்ளையாரக் கும்புட்டுட்டு படி ஏறயில, இந்தப் பொண்ணு செவுத்தப் புடிச்சிக்குனு நின்னுது. உதட்டையும் பாத்தேன். எம் மூத்த பொண்ணும் இப்படித்தான் நிப்பா. சளின்னுதான் நாங்களும் சொல்லிக்குனு இருந்தோம். தலப் பிரசவத்துல போயிட்டா. அன்னிக்கி இந்த மாதிரி டிவியெல்லாம் ஏது? அதனாலதான் இங்க காட்டணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். நீங்க என்னடான்னா அத அலங்காரம் பண்ணி அழச்சிக்குனு வந்து நிக்கறீங்க.”

அஞ்சலை பவுடர் டப்பாவை மூடினார். ராஜாம்பாள் தன் முந்தானையால் செல்வியின் முகத்திலிருந்த மிச்சப் பவுடரைத் துடைத்தார். பிறகு திரையைப் பார்த்துக் கும்பிட்டார். “சரி பண்ணிக் குடுங்கம்மா. கல்யாணத்த தள்ளிப் போட்டுக்கறோம். எம் புள்ளைக்கு ஒண்ணும் வயசாயிடல.”

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கென்ன. ஸ்டெதஸ்கோப்பைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அப்போது எல்லோருக்கும் ஒரு பெரிய இரைச்சல் கேட்டது. புஸ் புஸ் என்று யாரோ மூச்சு வாங்கினார்கள். எங்கள் பெரிய டாக்டர். மாடி ஏறி, சட்டியைச் சுற்றிக் காட்டி, கத்தி விளக்கி, இறங்கி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு பாடுபட்டு அவர் மறைத்த விஷயம், அந்த அம்மாளுக்கு முன்னாலேயே தெரிந்த விஷயம்.

“சார்” என்றார் டாக்டரம்மா திரையிலிருந்து. “நீங்களும் ஒரு ஈசிஜி எடுத்துக்கோங்க.”

“ம்” என்றார்.

செல்வி சென்னைக்குப் போனாள். கதவைத் திறந்து அனுப்பினார்கள். கொஞ்ச மாதம் கழித்து நடந்த கல்யாணத்துக்கு நானும் பெரிய டாக்டரும் போனோம். எத்தனை பேர் எவ்வளவு வற்புறுத்திக் கேட்டும், பந்தியில் அவர் வாயிலிருந்து ஒரே சொல்தான் வந்தது. அது என்ன சொல் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் செல்வி வந்துபோன மறுவாரமே அவர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். பொம்மை உடைந்த கணக்கைத் தீர்க்கத்தான் கூப்பிடுகிறார் என்று இவர் பயந்துகொண்டே போனார். டாக்டர் ஒரு டைல்ஸ் கேட்டார். “அழியக் கூடாது. யாரும் கழட்டவும் கூடாது” என்றாராம். அதைத்தான் இன்றைக்கு உளியால் பெயர்க்க முடியவில்லை என்று அந்த நர்சுப் பிள்ளைகள் என்னிடம் புகார் சொல்கிறார்கள். ஜன்னலுக்கும் அந்த வாரமே திரை வந்தது. வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்தோம். நோயாளி முகம் கழுவி வருவார், திரையை மூடுவேன், கூட வந்தவர்களை வெளியே நிறுத்துவேன், அதற்குப் பிறகுதான் பீங்கான் தட்டைக் காட்டுவேன். சாட்டிலைட், கேமரா, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும்விட அந்த அறையில் அதிகம் வேலை செய்த சாமான் எது என்று என்னைக் கேட்டால், அந்தச் சோப்பைத்தான் சொல்வேன். எல்லாமே ஒருநாள் பழசாகி, சட்டி மாடியில் துருப்பிடித்து, அறை காப்பீட்டுக்காரர்களுக்குப் போனது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. இப்போது எல்லார் கையிலும் அந்த அறை இருக்கிறது.

போன வாரம் போன் அடித்தது. வீடியோ கால். எடுத்தால், திரை முழுக்கச் செல்வி. பின்னால் நாற்காலியில் ராஜாம்பாள் உட்கார்ந்து பல் இல்லாத வாயால் சிரித்தார். செல்வியின் மகளுக்குப் பெரிய பரீட்சையில் நல்ல மார்க்காம், அதைச் சொல்லக் கூப்பிட்டாளாம். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். நான் காதில் வாங்கவில்லை. அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுருக்கமில்லை, ஒரு புள்ளியில்லை. வழவழவென்று ரோஸ் நிறம். பழைய பயம் எட்டிப் பார்த்தது.

“ஏண்டி, முகத்துல என்னா பூசியிருக்க?”

“ஒண்ணும் பூசல சிஸ்டர். நல்லா இருக்கேன்.”

“இந்தப் பேச்சை நான் நம்ப மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?”

அவள் சிரித்தாள். “ஐயோ, அது இந்த போனு பண்ற வேல. அதுவா பவுடரு போட்டுவுடுது. எம் பொண்ணு வச்சிவுட்டது. இருங்க, நிறுத்தறேன்.”

எதையோ அழுத்தினாள். ரோஸ் நிறம் போயிற்று, வழவழப்பும் போயிற்று. கண்ணுக்குக் கீழே சுருக்கம், வெயிலில் கறுத்த கன்னம், காதோரம் நரை. போனை மூக்கிடம் கொண்டுபோய் உதட்டைப் பார்த்தேன். வெற்றிலை இல்லை, சாயம் இல்லை. உதடு உதட்டின் நிறத்தில் இருந்தது.

“எப்படி இருக்க செல்வி?” என்று கேட்டேன்.

“அதான் பாக்கறீங்களே சிஸ்டர்” என்றாள்.